காற்று திரும்பும் நேரம்

அப்பா முதன்முதலில் சென்னைக்கு வந்தது 2009 மே மாதம், பேத்தியைப் பார்க்க. பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, திருவொற்றியூரில் என் வீட்டுப் படியேறும்போதே சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை. குளித்துவிட்டு வந்து துண்டால் துடைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். "ஏய்யா, இது குளிச்ச தண்ணியா, வேர்வையா?" என்றார்.

அவர் வெயிலுக்குப் பயந்த மனிதர் இல்லை. சிவகாசிக்காரர். சித்திரை மதியத்தில் செருப்பில்லாமல் தெருவைக் கடப்பவர். ஆனால் இங்கே மூன்றாம் நாள் காலையிலேயே பையை எடுத்து வைத்துவிட்டார். ரயிலேற்றிவிடப் போனபோது, "இந்த ஊர்ல எப்படிய்யா இருக்க?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை, கவலைதான் இருந்தது. நான், "பழகிருச்சுப்பா" என்றேன்.

அது பாதிப் பதில். பழகியது உண்மைதான். ஆனால் எனக்கு இந்த ஊரின் ஈரக்காற்று பிடித்துப் போயிருந்தது. அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு வார்த்தை வரவில்லை. மீதிப் பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஏசி மெக்கானிக். ஐடிஐ முடித்துவிட்டு 2000-ல் சென்னைக்கு வந்தேன். போகிற வீடுகளில் எல்லாம் என் காதில் விழும் முதல் வார்த்தை "என்ன ஊருங்க இது" என்பதுதான். ஸ்குரூடிரைவரைக் கையில் எடுப்பதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். அதே வீட்டில் இரண்டு மணி நேரம் வேலை பார்த்தால் வேறு பேச்சும் வரும். பெங்களூருக்கு மாற்றலாகிப் போய் ஒரு வருடத்தில் திரும்பி வந்த கதை, அங்கே குளிரில் மூட்டுவலி வந்த கதை, ராத்திரி எட்டு மணிக்கே தெரு அடங்கிப் போவது பிடிக்காத கதை. திட்டுகிறவர்கள் எல்லோரும் வெறுக்கிறவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

முதலில் எங்கள் ஊர் வெயிலுக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் 'வெக்கை' என்போம். காய்ந்த சூடு. வேர்க்கும், ஆனால் வேர்த்தது தெரியாது. காற்று அதை உடனே குடித்துவிடும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் இருக்கும். சென்னையில் இருப்பது 'புழுக்கம்'. நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி ஆக்குகிறோமே, அதே வேர்ச்சொல்தான். வெயிலில் இருந்து நிழலுக்கு ஒதுங்கினால் வெயில் விட்டுவிடும். புழுக்கம் நிழலிலும் பக்கத்தில் வந்து உட்காரும்.

காரணம் ஐடிஐ முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கவனிக்க வேண்டியது 'ஆவியானால்' என்பதை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகப் போக இடமில்லை. அது உடம்பிலேயே வழிந்து, சொட்டி, வீணாகிறது. உடம்பு தண்ணீரையும் இழக்கிறது, சூடும் குறைவதில்லை. அப்பாவுக்கு அந்த மூன்று நாளும் நடந்தது இதுதான்.

அந்த ஈரம் எவ்வளவு என்று எனக்குக் கண்ணாலேயே தெரியும். புது ஏசி மாட்டிய வீட்டில் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளியை வைக்கச் சொல்வேன். மே மாத ராத்திரி ஒன்று போதும், காலையில் வாளி நிறைந்திருக்கும். அத்தனையும் அந்த அறையின் காற்றில் இருந்த தண்ணீர். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நம்பாமல் விரலை விட்டுப் பார்ப்பார்கள்.

அப்பா அந்த முறை வரும்போது சிவகாசியிலிருந்து ஒரு பண்டல் தீப்பெட்டி கொண்டு வந்திருந்தார். வெளியூரில் தீப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவது அவருக்கு ஒப்பாது. இரண்டாம் நாள் சமையலறையில் ஒரு குச்சியை உரசினார், மருந்து இழுகியது. இன்னொன்று. மூன்றாவது பற்றியது. குச்சியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் வளர்ந்ததற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். அவர் வாழ்க்கை முழுவதும் ஈரம் என்பது எதிரி.

அவர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். காலண்டர் வேலை. காலண்டருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் சூடான சீசன், மழைக்காலமும் அதேதான். ஒரு கலர் ஓட்டும் மெஷினில் நாலு கலரை நாலு தடவை ஓட்ட வேண்டும். மஞ்சள் ஓட்டி அடுக்கி வைத்த பேப்பர், சிவப்பு ஓட்டுவதற்குள் ஈரத்தைக் குடித்து மயிரிழை அளவு பெருத்துவிடும். அவ்வளவு போதும், முருகன் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி விழும். ஆயிரக்கணக்கில் தாள் வீணாகும். மழை மாதங்களில் அப்பா வீட்டுக்கு வந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு இதே தொல்லை. கோடையின் ஈரக்காற்றில் பேப்பர் பெருத்துச் சுருங்கிக் கலர் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏசியின் முதல் வடிவம். மனிதர்களைக் குளிர வைப்பதற்காக அதைச் செய்யவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதற்காகச் செய்தார். அப்பாவின் எதிரியை அடக்கப் பிறந்த மெஷினைத்தான் நான் இருபத்தைந்து வருடங்களாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இது தெரியவந்த அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம பிரஸ்ல ஒண்ணு இருந்திருந்தா எத்தனை தாள் மிஞ்சியிருக்கும்" என்றார்.

சரி, அப்படியானால் எனக்கு என்ன பிடித்திருக்கிறது?

காற்று திரும்பும் நேரம் பிடித்திருக்கிறது. அதுதான் முதல் பதில்.

கோடையில் எங்கள் வேலை காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். மொட்டைமாடியில், சன்ஷேடில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவுட்டோரை, அதாவது ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்து வாட்டர் சர்வீஸ் செய்வோம். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக் கடக்க வேண்டும். மேற்கிலிருந்து காற்று அடிக்கும்; அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு அதுவும் நின்றுபோகும். இலை அசையாது. கொடியில் கிடக்கும் துணி அப்படியே தொங்கும். 'இறுக்கமா இருக்கு' என்று இங்கே சொல்வார்களே, அது இந்த நேரம். அப்புறம் பன்னிரண்டுக்கோ ஒன்றுக்கோ கழுத்தின் வலது பக்கம் லேசாகக் குளிரும். துணியின் ஓரம் தூக்கும். கிழக்கிலிருந்து, உப்பு வாசனையோடு, மீன் வாசனையும் கொஞ்சம் சேர்ந்து, காற்று வரும். கூட வேலை செய்யும் பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, திரும்பிடுச்சு" என்பான். இரண்டு பேரும் ஒரு நிமிடம் கையைத் தூக்கி அக்குளைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்போம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான சுகத்தை எந்த ஏசி அறையிலும் நான் கண்டதில்லை. உலர்ந்த உடம்புக்கு அது தெரியாது. நனைந்த உடம்பில்தான் காற்று இனிக்கும்.

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று நகர்ந்து வருகிறது. கடற்கரை ஓரத்தில் முதலில் கிடைக்கும், அம்பத்தூர் ஆவடிப் பக்கம் போய்ச் சேர நேரமாகும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்கும். அந்த நாட்களில்தான் சென்னையில் நாற்பதைத் தாண்டும். தமிழில் கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர், மேற்குக் காற்றுக்குக் கோடை. பெயர் வைத்தவர்கள் இந்தக் கரையில் வெயிலில் நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த நிலையத்தில் இதுவரை அதுதான் உச்சம். அன்றைக்கு நான் புரசைவாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தேன். அவுட்டோர்கள் ஒவ்வொன்றாக ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தன. வெளியே காற்றே அவ்வளவு சூடாக இருந்தால் மெஷின் தன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்ப்ரசர் மேல் தண்ணீர் ஊற்றினேன். நான் அப்போது வேலை பார்த்த சர்வீஸ் கடையில் மதியம் வேலையை நிறுத்து என்று சொல்லும் வழக்கம் இல்லை. இறங்கி வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி ஒரு சொம்பு நீர்மோரை உப்புப் போட்டுக் கொண்டு வந்து, முழுவதையும் குடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை பதினொன்றிலிருந்து காற்று திரும்பும் வரை மாடி வேலை கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டவர்களும் உண்டு. பரவாயில்லை.

வேலைக்குத் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் மெரினாவில் ஐஸ் ஹவுஸ் முன்னால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்குவேன். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, கடலெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கி வைத்தார்கள். பிற்பாடு விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். ஏசி வாங்கப் போனால் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா" என்று கேட்கிறோமே, அந்த டன் பனிக்கட்டியின் டன்தான். ஒரு டன் பனி 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை எடுக்கும் மெஷின் ஒரு டன் ஏசி. பல வாடிக்கையாளர்கள் மெஷினின் எடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்டன் பனியை வரவழைத்தவர்களும், கோடை வந்தால் ஊட்டிக்கே தலைநகரத்தை ஏற்றிக்கொண்டு போனவர்களும் இந்த ஊரில் இருந்து ஆண்டவர்கள். மற்ற ஜனங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மெரினாவில் சாயங்காலம் கூடும் கூட்டம் கடலைப் பார்க்க மட்டும் வந்ததில்லை, காற்றுக்கும் சேர்த்து வந்த கூட்டம்.

மயிலாப்பூரில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், எண்பதைத் தாண்டிய அம்மா. அமெரிக்காவிலிருந்து மகன் வரும்போது மட்டும் ஏசி ஓடும். மற்ற நாட்களில் கூடத்தில்தான் இருப்பார். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பிடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த கூரை. மேலே வெயில் கொளுத்தும்போது கீழே கையைச் சுவரில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். முன்கட்டிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில். மதியம் அந்தக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருப்பார். "எனக்கு எதுக்குப்பா அது, எனக்குக் காத்து வரது" என்பார். சர்வீஸுக்கு வருடம் ஒருமுறை போகிறேன். அந்தக் கூடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

அந்தக் கூடத்துக்கும் அடுத்து நான் போகும் வீட்டுக்கும் சில தெருக்கள்தான் தூரம். அங்கே இரண்டு கட்டடத்துக்கு நடுவில் மூன்றடி சந்து, அதில் வரிசையாகப் பத்துப் பதினைந்து அவுட்டோர். எல்லாம் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சூட்டை ஊதுகின்றன. அதனால் அந்த வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் அவர்களும் ஏசி மாட்டுகிறார்கள். மாட்டுகிறவன் நான்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு. முடிந்தவரை மாடிக்கு ஏற்றலாம், பைப் செலவு கொஞ்சம் கூடும் என்று சொல்லிப் பார்க்கிறேன். பத்தில் இரண்டு பேர் கேட்கிறார்கள். காற்று வர வழியில்லாத வீட்டில் இருப்பவர்கள் இந்த ஊரைத் திட்டும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கு ஊரின் புழுக்கம் மட்டும் வாய்த்தது, காற்று வாய்க்கவில்லை.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் ஒருவர். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பார். கையில் கரிப்பெட்டி, மேலே மர நிழல். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் அந்த மரம் விழுந்தது. அடுத்த கோடையில் வண்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். தார்ப்பாய் வெயிலைத் தடுத்தது, அனலை அடைத்துக்கொண்டது. இரண்டு கோடை பார்த்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். கத்திரி முடிந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஈரமும் வெயிலும் நெரிசலும் சேர்ந்துகொண்டன. அந்த மாதமே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இந்த ஊர்த் தட்பவெப்பம் எனக்குப் பிடிக்கும் என்று எழுதும்போது இவர்களையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒதுங்க நிழலும், குடிக்கத் தண்ணீரும், வேண்டும்போது வேலையை நிறுத்தும் உரிமையும் இருப்பவனுக்குத்தான் காற்று திரும்புவதை நின்று அனுபவிக்க நேரம் இருக்கிறது. எனக்கே அது பத்து வருடத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

பிடித்தவை இன்னும் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கும் பாய் விரித்து வாசலில் உட்கார்ந்திருக்கும் தெரு. காலையில் சின்ன வெங்காயத்தோடு பழைய சோறு. இந்தப் புழுக்கத்தில்தான் அது இரவோடு இரவாகப் பதமாகப் புளிக்கிறது. பங்குனியில் தொடங்கி நாள் முழுக்க மணக்கும் குண்டுமல்லி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியம் வந்த கடல்காற்று உள்ளே போய் மேற்குக் காற்றோடு மோதி, சாயங்காலம் கருத்து, இடியோடு அரை மணி நேரம் கொட்டும் மழை. மார்கழியில் இருபது டிகிரிக்கே மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கும் சந்தோஷம். பிடிக்காதவையும் உண்டு. உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துக் கையில் உதிரும் அவுட்டோர் தகடு, பொரித்த பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும் அப்பளம், மகளுக்கு வருடா வருடம் வரும் வேர்க்குரு. மே மாதத்தில் காற்றே வராத நாலைந்து ராத்திரிகள் உண்டு. அவற்றுக்காக 2017-ல் ஒரு ஏசி மாட்டினேன். மாட்டியது ஒரே ஓர் அறையில்.

போன சித்திரையில் அப்பா மறுபடி வந்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், முன்போல் வேர்ப்பதுகூட இல்லை, அதனால் எனக்குத்தான் பயம் அதிகம். ஏசி அறையில் படுக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் எழுந்து வந்து, "உள்ளாற ஒரே அடைப்பா இருக்கு" என்றார். மணி பன்னிரண்டே முக்கால். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கிழக்கு ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையும் பாறைகளும்தான். ஜன்னலுக்குக் கீழே கோரைப்பாயை விரித்து, ஈரத்துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் இருங்கப்பா, வரும்" என்றேன்.

"என்னது வரும்?"

நான் பதில் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் சாய்ந்தார். சுவரில் மாட்டியிருந்த சிவகாசி தினத்தாள் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றேகாலுக்குக் காலண்டரின் தாள் படபடத்தது. அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். ஈரத்துண்டை விரித்து மார்பில் போட்டுக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடினார்.

நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் தடவிக்கொண்டே, "டீ இருக்காய்யா?" என்றார். மூன்றாம் நாள் வழக்கம்போல ஊருக்குக் கிளம்பினார். ஆனால் மீதி இரண்டு மதியமும், சாப்பிட்ட கையோடு, நான் சொல்லாமலே பாயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போனார்.